சார்வரி வருஷத்துச் சிறுநூல்: ஒரு கட்டும் ஒரு பழம்புத்தக வியாபாரியும்

கடைசிப் பக்கத்தின் அடியில் ‘சார்வரி வருஷம் ஆடி மாதம் அச்சிற் பதிப்பிக்கப்பட்டது’ என்று இருந்தது. அச்சுக்கூடத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சி அரித்த ஓட்டை. முகப்புத் தாள் இல்லை, முன்னட்டை இல்லை. பின்னட்டை மட்டும் மங்கிய பச்சைத் தாளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேலும் யாரோ அந்தக் காலத்திலேயே கஞ்சிப் பசை தடவி முரட்டுக் காகிதம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். 48 பக்கம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, உள்ளே ஓர் அம்மானைப் பாட்டு. விற்ற பழம்புத்தக வியாபாரி, நாங்கள் பாய் என்று கூப்பிடுகிறவர், சொன்ன விலை 350 ரூபாய்.

அறுபது வருஷச் சுற்று தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் உடனே புரியும். கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோமே, அந்த 2020 சித்திரையில் பிறந்தது சார்வரி. நான் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்த 2021 ஜனவரியிலும் அதே வருஷம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய சார்வரி 1960. அதற்கு முன் 1900. அதற்கும் முன் 1840. எழுத்தையும் தாளையும் பார்த்தால் 1960 இல்லை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். மிச்சம் இரண்டு. 1900 என்றால் குஜிலிப் பதிப்புகள் என்கிற மலிவு விலைச் சிறுநூல்களில் ஒன்று, கிடைத்ததே சந்தோஷம், அவ்வளவுதான். 1840 என்றால் கதையே வேறு. அச்சகங்கள்மீது இருந்த உரிமக் கட்டுப்பாட்டைக் கும்பினி அரசு 1835இல் நீக்கிய பிறகு, சென்னையில் நம்மவர்கள் ஒவ்வொருவராக அச்சுக்கூடம் வைக்கத் தொடங்கிய காலம் அது. திருக்குறள் அச்சேறிய 1812க்கும் அதற்கும் 28 வருஷம்தான் இடைவெளி.

நான் 1840 என்று முடிவு கட்டிவிட்டேன். சொற்களுக்கு இடையே இடம் விடாமல் ஓலைச்சுவடியில் எழுதுவதுபோல அடித்திருந்தார்கள். பக்க எண்கள் தமிழ் எண்கள். எழுத்து தடியாக, மை ஊறி இருந்தது. இவ்வளவு போதாதா? வாயைத் திறக்காமல் 350 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பேரம்கூடப் பேசவில்லை, பேசினால் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயம். பாய்க்குத் தெரியவில்லை, நமக்குத் தெரிந்துவிட்டது என்ற குறுகுறுப்போடு வீட்டுக்கு வந்தேன். பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சின்னக் களவாணித்தனம் உண்டு. ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த எட்டு மாதம் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு. பேச்சுக்கு அது அந்த அம்மானையைப் பற்றியது. நான் உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தது அதை விற்றவரை.

கட்டு வந்த வழி

பாய்க்குத் திருவல்லிக்கேணியில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்ராப்ட்ஸ் ரோட்டு நடைபாதையில் ஒரு தார்ப்பாய் விரிப்பார். (பாரதி சாலை என்று பெயர் மாறி வெகுகாலம் ஆகிறது. புத்தகம் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் இன்னும் மாறவில்லை.) பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. அவருடைய அப்பா மூர் மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர்.

இளையவர்களுக்காக ஒரு வரி. மூர் மார்க்கெட் என்பது சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 1900இல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டடம். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயரில் நின்றது. கிராமபோன் தட்டு, கிளி, முயல், சாவி இல்லாத பூட்டு, பழைய புத்தகம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கிடைத்த இடம். 1985 மே 30 அன்று எரிந்துபோனது. இப்போது அங்கே புறநகர் ரயில் நிலையமும் முன்பதிவு மையமும் இருக்கின்றன. கடைக்காரர்களுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். சிலர் அங்கே போனார்கள், சிலர் நடைபாதைக்கு வந்தார்கள், சிலர் தொழிலையே விட்டார்கள்.

சரி, கட்டுக்கு வருவோம். திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீடு, பெரியவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதாகப் பேச்சு முடிந்தது. வீடு காலி செய்கிற வாரத்தில் பழைய பேப்பர்காரர் ஒருவர் மொத்தமாக எடை போட்டார். பாத்திரம் ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம். அவருக்கும் பாய்க்கும் பல வருஷமாக ஓர் ஒப்பந்தம், எழுத்தில் கிடையாது. காகிதம் கிடங்குக்குப் போகிற டெம்போவில் ஏறுவதற்கு முன் பாய்க்கு ஒரு போன். ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம். பொறுக்கி எடுப்பதற்கு எடை விலையைப்போல் இரண்டு பங்கு. அந்த ஒரு மணி நேரம் தாண்டினால் வண்டி போய்விடும், பிறகு எல்லாம் கூழ்.

இதைப்போல வேறொரு வீட்டில் அவர் பொறுக்குவதை ஒருமுறை கூட இருந்து பார்த்திருக்கிறேன். முகப்பைப் பார்க்கவே மாட்டார். முதலில் கடைசிப் பக்கம், பிறகு பின்னட்டை. “முதல் பக்கம் பொய் சொல்லும் சார், பின்னாடி விலை போட்டிருக்கும், அது பொய் சொல்லாது” என்பார். புத்தகத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை சரசரவென்று ஓட்டி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். பிறகு முகர்வார். ஒரு புத்தகத்துக்கு ஆறு ஏழு வினாடிக்குமேல் ஆகாது. காலடியில் நான்கு குவியல் வளரும். நூலகத்துக்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் ஒன்று, சேகரிப்பாளர்களுக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாய்க்கு ஒன்று. நான்காவது மறுபடி டெம்போவுக்கு.

திருவல்லிக்கேணி வீட்டில் கிடைத்தவற்றில் ஒன்று, பதினொரு சிறுநூல்களைச் சேர்த்துச் சணல் நூலால் தைத்த ஒரு கட்டு. அந்த வீட்டில் யாரோ ஒரு பாட்டியோ தாத்தாவோ தங்களுக்குப் பிடித்ததை எல்லாம் ஒன்றாகத் தைத்து வைத்திருக்கிறார்கள். அம்மானை, நாடகப் பாட்டு, கொலைச் சிந்து, கை வைத்தியம், ஒரு பக்திக் கும்மி. தமிழ்நாட்டில் பழைய வீடுகளில் இப்படிக் கட்டுகள் ரொம்ப சகஜம். ஒற்றையாக வைத்தால் காற்றில் பறக்கும், எலி இழுக்கும், அதனால் தைப்பார்கள்.

பாய் அந்த நூலை அறுத்தார். பதினொன்றையும் தனித்தனியாக விற்றார். எனக்கு வந்தது ஒன்று.

அறுத்தது சரியா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒரு கட்டாக 2,000 ரூபாய் கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். பதினோரு ஆளிடம் முன்னூறும் நானூறுமாக வாங்குவது சுலபம். அவருக்கும் வாடகை இருக்கிறது.

நான் செய்த காரியம்

தாள் ஓரம் உதிர்ந்துகொண்டிருந்தது. பத்திரப்படுத்த வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். காலிகோத் துணி போட்டு, முதுகில் பொன்னெழுத்து அடித்து, திருமணப் பத்திரிகை மாதிரி திரும்பி வந்தது. மூன்று பக்கமும் கத்தி வைத்து ஓரத்தைச் சீராக வெட்டியிருந்தார். பச்சை அட்டையைக் காணோம்.

“கிழிஞ்சிருந்துச்சு சார், எடுத்துட்டேன்.”

குப்பைத்தொட்டியை அவரோடு சேர்ந்து நானும் கிளறினேன். மூன்று நாள் ஆகியிருந்தது. அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன், ‘அட்டையை விட்டுவிடுங்கள்’ என்று நான்தான் சொல்லவில்லை. பல்கலைக்கழக ரெக்கார்டு நோட்டும் தணிக்கைக் கணக்கும் பைண்டு செய்து பழகிய கை அது. கிழிந்ததை எடுப்பதுதான் அங்கே சுத்தம்.

தமிழ்ப் பழம்புத்தகங்களில் அட்டைக்கு இருக்கிற மதிப்பு வெளியே பலருக்குத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறுநூல் போட்டவர்கள் பின்னட்டையில் தங்கள் மற்றப் புத்தகங்களின் பட்டியலை விலையோடு போடுவார்கள். ‘தபாற்கூலி பிரத்தியேகம்’ என்று ஒரு வரி இருக்கும். ‘வி.பி. மூலம் அனுப்பப்படும்’ (புத்தகம் கைக்கு வரும்போது தபால்காரரிடம் பணம் கட்டுகிற முறை) என்று இருந்தால் அது 1877க்குப் பிந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், ஏனென்றால் இந்தியத் தபால் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது அந்த ஆண்டில்தான். என் பச்சை அட்டையில் என்ன இருந்தது? அதன்மேல் ஒட்டியிருந்த முரட்டுத் தாளை வெந்நீர் ஆவியில் காட்டி உரித்திருந்தால் தெரிந்திருக்கும். உரிக்காமல் பைண்டருக்குக் கொடுத்தவன் நான்.

துரு

ஆகஸ்டில் வேறு ஏதோ வாங்கப் போனபோது, பெருமையும் வருத்தமும் கலந்து அந்தக் காலிகோ புத்தகத்தைப் பாய்க்குக் காட்டினேன். 1840 என்றும் சொல்லிவிட்டேன். எட்டு மாதம் கழித்து உண்மையை ஒப்புக்கொள்கிற தொனியில்.

அவர் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு புத்தகத்தின் நடுப்பக்கத்தைப் பிரித்து, மடிப்பில் விரலை வைத்தார்.

“துரு பாத்தீங்களா?”

இரண்டு பழுப்புப் புள்ளிகள், இரண்டு அங்குல இடைவெளியில். அந்தப் புள்ளிகளை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், கறை என்று நினைத்தேன். நடுப்பக்கத்தில் இரண்டு, எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தில் இரண்டு. கம்பித் தையல். இப்போது நாம் ஸ்டேப்ளர் என்கிறோமே, அதன் பாட்டன். புத்தகத்தைக் கம்பியால் தைக்கிற இயந்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1840இல் ஊசி நூல்தான். பைண்டர் கம்பியை எடுத்துவிட்டார், துருவை எடுக்க முடியவில்லை.

நான் விடவில்லை. பின்னால் யாராவது பழுது பார்த்தபோது கம்பி போட்டிருக்கலாம் இல்லையா?

“சரி, தாளைப் பாருங்க. பழைய தாள் துணி. கந்தல் துணியை ஊற வெச்சு அடிச்சுப் பண்ணது. நூறு வருஷம் ஆனாலும் மடிச்சா மடியும், வேட்டி மாதிரி. இது மரக்கூழு. மடிச்சா அப்பளம். உங்க பைண்டர் ஓரத்தை வெட்டாம இருந்திருந்தா நீங்களே பாத்திருப்பீங்க, ஓரம்தான் முதல்ல பொரியும். அவர் நல்லாச் சீவி, புதுசு மாதிரி ஆக்கிட்டாரு.”

இது நடைபாதையில் தார்ப்பாய் விரிக்கிறவரின் அறிவு. இதே அறிவுதான் 1934இல் லண்டனை ஆட்டிப் படைத்தது. ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்ற இரண்டு இளம் புத்தக வியாபாரிகள், 1847 என்று ஆண்டு போட்ட ஓர் ஆங்கிலக் கவிதைச் சிறுநூலின் தாளைச் சோதித்தார்கள். ரசாயன முறையில் செய்த மரக்கூழ் அதில் இருந்தது. 1874க்கு முன்னால் அந்த வகைக் கூழ் இங்கிலாந்துக் காகிதத்தில் கிடையாது. அந்தச் சிறுநூலும் அதோடு இன்னும் பலவும் போலி முதல் பதிப்புகள் என்று அம்பலமாயிற்று. அவற்றைப் புழக்கத்தில் விட்டதாக விரல் நீண்டது தாமஸ் வைஸ்மீது. அந்தக் காலத்தில் அவரைவிடப் பெரிய சேகரிப்பாளர், நூற்பட்டியல் வல்லுநர் இல்லை என்று பெயர் எடுத்தவர். பட்டம் பெற்றவரின் பொய்யைக் கடைக்காரர்கள் தாளை வைத்துப் பிடித்தார்கள். என் விஷயத்தில் போலி எதுவும் இல்லை. என் ஆசைதான் புத்தகத்துக்கு அறுபது வயது கூட்டியது.

“அப்ப ஏன் ஜனவரியிலேயே சொல்லலை, பாய்?”

“நீங்க கேக்கலையே சார். முகத்தைப் பாத்தேன். சந்தோஷமா இருந்தீங்க. 350க்கு அது போதாதா?”

அப்புறம் ஒரு வார்த்தை சேர்த்தார். “மூர் மார்க்கெட் திறந்ததும் தொள்ளாயிரம்தான். எங்க மார்க்கெட் வயசு சார் உங்க புக்கு.”

யார் கேட்டார்கள்

துருவும் தாளும் எனக்குப் போதும். ஆனால் பாய்க்குப் போதவில்லை. ஆண்டை நிரூபிக்க வேறு வழி இருக்கிறது என்றார். அது என்ன என்று சொல்வதற்கு முன் அவருடைய அப்பாவின் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீளமான கணக்கு நோட்டு, சிவப்பு முதுகு, ஒரு மூலை முழுக்கக் கருகியது. 1985இல் மார்க்கெட் எரிந்த மறுநாள் அவருடைய அப்பா இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்தது. உள்ளே கொள்முதல் கணக்கு இல்லை, விற்பனைக் கணக்கும் இல்லை. ஆள் பெயர், ஊர், என்ன கேட்டார், அவ்வளவுதான். ஒருவர் நாடகமேடைப் பாட்டுப் புத்தகம். ஒருவர் சித்த மருத்துவம், அச்சானது மட்டும். ஒருவர் 1930களின் சுயமரியாதைப் பிரசுரங்கள். ஒருவர் பெண்கள் பத்திரிகை, ‘எந்த வருஷமானாலும்’. “சரக்கு மறுபடி வந்துரும், கேட்டவங்க அட்ரஸ் வராது” என்று அப்பா சொல்வாராம்.

அந்த நோட்டை ஒரு பிற்பகல் முழுக்கப் புரட்டினேன். இந்தத் தொழிலின் செல்வாக்கு எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபட்டது அப்போதுதான். பொறுக்குவதற்கு ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் கை எதை எடுக்கும்? யாராவது எப்போதாவது கேட்டதை. ஓர் ஆராய்ச்சி மாணவி 1990களில் வந்து பெண்கள் பத்திரிகை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதன்பின் முப்பது வருஷமாக இந்தக் கடை பெண்கள் பத்திரிகை ஒன்றைக்கூட எடைக்கு விடவில்லை. அவை நூலகத்துக்குப் போயின. நூலகத்தில் இருப்பதால் அடுத்த மாணவி அதைப் படித்து ஆய்வு எழுதுகிறார். மறுபடி கேட்கிறார். கேட்காததற்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. வீட்டு மளிகைக் கணக்கு, சீட்டு கம்பெனி நோட்டு, பள்ளிக்கூடக் குழந்தையின் கட்டுரை நோட்டு, இவற்றையெல்லாம் இருபது வருஷம் நான்காவது குவியலில் போட்டதாகப் பாய் ஒப்புக்கொண்டார். ஒரு பொருளாதாரப் பேராசிரியர் வந்து 1940களின் மளிகைக் கணக்கு கிடைக்குமா என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினார். “அதுக்கு முன்னாடி போனது எத்தனை டன்னோ, யார் கண்டா.”

குஜிலி நூல்களுக்கும் இதுதான் நடந்தது. பார்க் டவுன் பக்கம் இருந்த குஜிலிக் கடை என்ற சந்தையின் பெயரால் வழங்கிய, காலணா அரையணாச் சிறுநூல்கள் அவை. நீண்ட காலம் அவற்றைப் புத்தகம் என்றே படித்தவர்கள் மதிக்கவில்லை. ரயில் விபத்து நடந்தால் நாலு நாளில் ஒரு சிந்து, கொலை நடந்தால் ஒரு கும்மி. ஆ. இரா. வேங்கடாசலபதி போன்றவர்கள் ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயர் வைத்து அதைப் பற்றி எழுதிய பிறகு பழைய பேப்பர்காரர்வரைக்கும் விலை தெரிந்துவிட்டது. அதற்கு முன்பே அதைப் பொறுக்கியவர்களில் பெரிய கை கோட்டையூர் ரோஜா முத்தையாவுடையது. விளம்பரப் பலகை எழுதுகிறவராக வாழ்க்கையைத் தொடங்கிய மனிதர், புத்தகம் மட்டுமல்லாமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என்று கையில் சிக்கியதை எல்லாம் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, ஆனால் கப்பலேற்றவில்லை. சென்னையிலேயே நூலகமாக நிற்கிறது, முதலில் முகப்பேரில், இப்போது தரமணியில். தமிழில் ஆராய்ச்சி செய்கிற எவரும் அந்தப் படியை மிதிக்காமல் இருக்க முடியாது.

ரோஜா முத்தையாவின் பெயர் நமக்குத் தெரியும். அவருக்கும் அவரைப்போன்றவர்களுக்கும் மூட்டை மூட்டையாக விற்றவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. லண்டனில் 1847இல் கடை போட்ட பெர்னார்ட் குவாரிச் அச்சிட்ட விற்பனைப் பட்டியல்களை இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் ஆதாரமாக எடுத்துப் பார்க்கிறார்கள். எந்தப் பிரதி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அதில் தேடலாம். நம்மூர்க் கடைகளில் பட்டியல் கிடையாது, ரசீது அபூர்வம். எல்லாம் தலைக்குள்.

இன்னொரு விஷயம், இது கொஞ்சம் விலகல்தான். பாயிடம் மிக அதிக விலைக்குப் போகிற தமிழ்ச் சரக்கு எது தெரியுமா? பழைய பதிப்பு எதுவும் இல்லை. வீட்டில் பைண்டு செய்த தொடர்கதை. கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வந்தபோது வாராவாரம் கத்தரித்துச் சேர்த்துத் தைத்தார்களே, மணியம் படங்களோடு, அந்த வால்யூம்கள். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி ஒட்டியிருப்பார்கள். ஓரத்தில் பென்சிலில் ‘இந்த வாரம் ரொம்ப நன்னா இருக்கு’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அடுத்த பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம். அச்சகம் செய்யாத, பதிப்பகம் செய்யாத, முழுக்க முழுக்க வீட்டுப் பெண்கள் உருவாக்கிய அரிய நூல் என்று ஒன்று தமிழில் இருந்தால் அது இதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளிலிருந்து எத்தனை வால்யூம் ஈரமாகத் தெருவுக்கு வந்தது என்று பாய் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

ஓலைச்சுவடி மட்டும் தொட மாட்டார். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 75 ஆண்டைக் கடந்த, இலக்கிய அல்லது வரலாற்று மதிப்புள்ள சுவடியும் ஆவணமும் தொல்பொருள். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது. யாராவது பையில் சுற்றிக் கொண்டுவந்தால் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார். அச்சுப் புத்தகத்தில் அந்தத் தலைவலி இல்லை என்று நம்புகிறார். நானும் அதை ரொம்பக் கிளறவில்லை.

பதினொன்று

பாய் சொன்ன வேறு வழி இதுதான்: அறுத்த கட்டின் மற்றப் பத்து.

ஒரே வீட்டில் ஒரே நூலில் தைத்திருந்தால், ஒரே அச்சுக்கூடத்துச் சரக்கு இரண்டு மூன்றாவது அதில் இருக்கும் என்பது அவர் கணக்கு. ஒரே கடையில் வாங்குகிற பழக்கம் அன்றைக்கும் உண்டு. அதில் ஒன்றின் பின்னட்டை பிழைத்திருந்தால் பட்டியலில் என் அம்மானையின் பெயர் இருக்கலாம். 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டப்படி அன்றைக்கு ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருந்தாக வேண்டியிருந்தது, அரசுக்குப் பிரதியும் கொடுத்தாக வேண்டியிருந்தது. அதனால் மற்றப் பத்தில் எங்கேயாவது பெயர் இருந்தே தீரும். (அப்படிக் கொடுத்த பிரதிகளில் ஒரு பகுதி லண்டனுக்குப் போய் இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆனால் நாலு பக்கச் சிந்து போட்டவர்கள் எல்லோரும் ஒழுங்காகப் பதிவு செய்தார்கள் என்று நம்ப வேண்டாம்.)

அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல் மடக்கினார். கொலைச் சிந்து, பாளையங்கோட்டைப் பேராசிரியர். கை வைத்தியம் இரண்டும் கும்பகோணத்து வைத்தியர், கூரியரில். நாடகப் பாட்டு மூன்று, ஒரு சினிமா உதவி இயக்குநர். கும்மி, மயிலாப்பூரில் ஒரு அம்மா, பேரனுக்குக் காட்ட. இன்னொரு சிந்து ஒரு நூலகத்துக்கு. ஒவ்வொருவருக்கும் என்ன விலை சொன்னார், எவ்வளவு குறைத்தார் என்பதுவரை சொன்னார்.

பேராசிரியருக்கு வாட்சப்பில் தகவல் போட்டோம். இரவே படம் வந்தது. முகப்பில் 1901 என்று ஆங்கில எண்ணில் ஆண்டு, சென்னை அச்சுக்கூடத்தின் பெயர், எல்லாம் தெளிவு. பின்னட்டை பச்சை, என் அட்டையின் அதே பச்சை. பட்டியலில் ஏழாவது வரி என் அம்மானை, ‘புதிதாக அச்சிட்டது’, விலை அணா 1. கீழே ‘வி.பி. மூலம் அனுப்பப்படும், தபாற்கூலி பிரத்தியேகம்’. பைண்டர் எறிந்த அட்டையில் என்ன இருந்திருக்கும் என்று அந்த இரவில்தான் தெரிந்துகொண்டேன்.

சார்வரி என்றால் 1900, ஆடி. சந்தேகம் தீர்ந்தது.

இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எங்களுக்குத் தேவைப்பட்டது ஓர் ஆளின் ஞாபகம். நூலை அறுத்ததும் அவர்தான், அறுத்ததைத் திரும்பக் கோக்கக் கூடியவரும் அவர் ஒருவர்தான். அவருக்கு அறுபத்தெட்டு வயது. மகன் மருந்து கம்பெனியில் வேலை பார்க்கிறான், இந்தப் பக்கம் வருவதில்லை. இனிமேல் கட்டை அறுப்பதற்கு முன் போனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள் என்று சொன்னேன். சரி என்றார். இரண்டு தடவை எடுத்ததாகக் காட்டினார், ஒன்றில் அவர் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. அப்பாவின் நோட்டை ஸ்கேன் செய்ய ஒரு நூலகத்துக்குத் தரலாமே என்று கேட்டதற்கு, அதில் இருப்பது வாடிக்கையாளர்களின் ரகசியம் என்று மறுத்துவிட்டார். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது.

பேராசிரியரின் சிந்து நூலையும் என் அம்மானையையும் ஒரு நாள் ஒன்றாக வைத்துப் படம் எடுத்தோம். பொன்னெழுத்து போட்ட என்னுடையதுதான் பார்க்க அசிங்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என்னுடையது ஒன்று, பேராசிரியருடையது ஒன்று, வைத்தியர் இரண்டு, உதவி இயக்குநர் மூன்று, மயிலாப்பூர் அம்மா ஒன்று, நூலகம் ஒன்று. ஒன்பது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாயிடம் கேட்டேன்.

“மீதி ரெண்டா?” தார்ப்பாயின் ஓரத்தில் செங்கல்லை நகர்த்தி வைத்தபடி யோசித்தார். “மழை வர மாதிரி இருந்துச்சு சார், எல்லாத்தையும் மூடிக்கிட்டு இருந்தேன். காலேஜ் பொண்ணு ஒண்ணு, பஸ்ஸுக்கு ஓடிட்டே ரெண்டையும் எடுத்துக்கிட்டு ஐந்நூறு ரூபா நோட்டு நீட்டுச்சு. சில்லறை குடுத்தேன். பேரு கேக்கலை.”